வைஸ்ராய் மாளிகைக்குப் போன கதர் வேட்டி

ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் போகும் பாதையில் காலை நேரத்தில் பஸ் ஏறினால், கம்பெனி உடுப்புப் போட்ட இளைஞர்களைப் பார்க்கலாம். நீலச் சட்டை, சாம்பல் நிறச் சட்டை, பைக்கு மேலே கம்பெனியின் பெயர். ஆறு நாள் கம்பெனி சொன்ன சட்டை. ஏழாவது நாள் சினிமா நடிகர் போட்டுக் காட்டிய சட்டை. தனக்கென்று ஒரு சட்டை எப்போது என்று கேட்டால், அந்த இளைஞர்களில் பலர் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அந்தப் பாதையின் மேல் கோடியில், ஓசூருக்கு அருகே, தொரப்பள்ளி என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி பிறந்த ஒருவர், ஐம்பது வருஷ காலம் ஒரே மாதிரி உடைதான் உடுத்தினார். கதர் வேட்டி, கதர் ஜிப்பா, தோளில் மடித்துப் போட்ட அங்கவஸ்திரம், கறுப்புக் கண்ணாடி, கையில் தடி. முகத்தைக் காட்டாமல் இந்த ஐந்தை மட்டும் கோடு இழுத்துக் காட்டினாலும் இன்னார் என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். அவர்தான் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். நாடு அறிந்த பெயர் ராஜாஜி.

உடையைப் பற்றி அதிகம் யோசித்த மனிதர் அல்ல என்றுதான் அவரைப் பார்த்தவர்களுக்குத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. ஒரு கெஜம் துணியைப் பற்றி அவர் யோசித்த அளவு, ஜவுளிக் கடைக்காரர்கள்கூட யோசித்திருக்க மாட்டார்கள்.

தொரப்பள்ளியிலிருந்து சேலத்துக்கு

ராஜாஜியின் தகப்பனார் சக்கரவர்த்தி வெங்கடார்யா, தொரப்பள்ளி முன்சீப். தாயார் சிங்காரம்மா. கிராமத்துப் பள்ளியிலும் ஓசூரிலும் படித்த பையன், எல்லையைத் தாண்டிப் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பி.ஏ. முடித்தான். பிறகு சென்னையில் சட்டப் படிப்பு. 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கினார்.

அப்போது சேலம் ஜில்லா மிகப் பெரியது. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களெல்லாம் அதற்குள் அடக்கம். ஊத்தங்கரைக்காரர்களுக்கும் ஓசூர்க்காரர்களுக்கும் ஜில்லாத் தலைநகர் சேலம்தான். தொரப்பள்ளி முன்சீப்பின் மகன் அங்கே வெகு சீக்கிரத்தில் பேர் வாங்கினார். குற்ற வழக்குகளில் அவர் வாதம் கேட்பதற்கென்றே கோர்ட்டில் கூட்டம் சேர்ந்தது. கை நிறையப் பணம் வந்தது.

அந்தக் காலத்து வக்கீல் என்றால் மேலே கோட்டு, தலையிலே தலைப்பாகை. அது கோர்ட்டின் உடுப்பு. கட்சிக்காரன் முதலில் கோட்டைப் பார்ப்பான், பிறகுதான் வக்கீலைப் பார்ப்பான். கோட்டு நன்றாயிருந்தால் பீஸும் நன்றாயிருக்கும். இதிலே ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. இன்றைக்கும் பல தொழில்களில் அப்படித்தான்.

1916இல் மனைவி அலமேலு மங்கம்மா காலமானார். ஐந்து குழந்தைகள். ராஜாஜிக்கு அப்போது வயது 37. மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தார். பிறகு சென்னைக்குக் குடிபெயர்ந்தார்.

விருந்தாளிக்குத் தெரியாத வீட்டுக்காரர்

1919 மார்ச் மாதம் காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். கதீட்ரல் ரோட்டில் ஒரு வீட்டில் தங்கினார். இந்து பத்திரிகை ஆசிரியர் கஸ்தூரிரங்க ஐயங்காரின் விருந்தாளியாக இருப்பதாகவே அவர் எண்ணிக்கொண்டிருந்தார். வீட்டில் உண்மையில் குடியிருந்து உபசரித்தவர் ராஜாஜி. கூச்சத்தால் பின்னாலேயே ஒதுங்கி நின்றபடியால் காந்திஜிக்கு அது தெரியவே இல்லை. மகாதேவ தேசாய் சொன்ன பிறகுதான் தெரிந்தது. காந்திஜியே தம் சுயசரிதையில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

சொந்த வீட்டில் விருந்தாளியின் கண்ணில் படாமல் நின்ற மனிதருக்கு ஆடம்பர உடை எதற்கு? வந்தது ஒத்துழையாமை இயக்கம். கோர்ட்டுகளை விட்டு வெளியே வாருங்கள் என்று காங்கிரஸ் அழைத்தபோது ராஜாஜி தயங்கவில்லை. தொழில் போயிற்று. தொழிலோடு கோட்டும் போயிற்று. ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்த வரும்படி நின்றது. தாயில்லாத ஐந்து குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்த காரியம் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

மதுரையில் ஓர் இரவு

1921 செப்டம்பரில் காந்திஜி தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். ராஜாஜியும் டாக்டர் ராஜனும் உடன் இருந்தார்கள். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் ரயிலில் காந்திஜி ஏழை ஜனங்களிடம் கதர் கட்டும்படி கேட்டார். கதர் விலை அதிகம், எங்களால் வாங்க முடியாது என்பது அவர்களுடைய பதில். காந்திஜியின் உடம்பில் அப்போது சட்டை, குல்லாய், முழு வேட்டி எல்லாம் இருந்தன. நாட்டில் எத்தனையோ ஏழைகளுக்கோ இடுப்பில் ஒரு கோவணத் துணிதான் இருந்தது.

மேல மாசி வீதி வீட்டில் அன்றிரவு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சட்டையையும் குல்லாயையும் விட்டுவிட்டு, முழங்காலளவுத் துண்டோடு இருப்பது என்று. கூட இருந்த நண்பர்களிடம் யோசனை கேட்டார். அவருடைய வேதனை அவர்களுக்குப் புரிந்தது. ஆனால் மனம் ஒப்பவில்லை. ராஜாஜிக்கும் ஒப்பவில்லை. ஜனங்கள் மிரண்டு போவார்களோ, கிறுக்கு என்று நினைப்பார்களோ என்றெல்லாம் சந்தேகம் கிளம்பிற்று. காந்திஜி கேட்டுக்கொண்டார், தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. செப்டம்பர் 22ஆம் தேதி காலை மதுரை கண்ட காட்சியை உலகம் பிறகு ஆயுள் முழுதும் கண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது அடுத்த நாள் ராஜாஜி என்ன உடுத்தினார் என்பதுதான். அவர் சட்டையைக் கழற்றவில்லை. மற்ற ஊழியர்களும் தம்மைப் போலவே செய்ய வேண்டும் என்று காந்திஜியும் எதிர்பார்க்கவில்லை; அப்படிச் சொல்லியும் வைத்தார். இருந்தாலும் தலைவர் சட்டையைத் துறந்த நாளில், பக்கத்திலேயே சட்டையோடு நிற்பதற்குக் கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டும். பக்திக்குப் பஞ்சமில்லாத நாடு இது. குருவின் தாடியைப் பார்த்துத் தாடி வளர்க்கும் சீடர்களை ஊருக்கு ஊர் காணலாம். ராஜாஜி காந்திஜியின் மனச்சாட்சிக் காவலர் என்று பேர் எடுத்தவர்; பின்னால் 1933இல் அவருக்குச் சம்பந்தியும் ஆனவர். ஆயினும் அரைத் துண்டை அவர் கடன் வாங்கவில்லை.

ரயிலில் ஏழைகள் சொன்ன பதிலை அவரும் மறக்கவில்லை. கதர் வாங்க எங்களிடம் காசு இல்லை என்றார்கள். காந்திஜி தம் துணியைக் குறைத்துக்கொண்டார். ராஜாஜி வேறு வழியில் போனார். காசு கிடைக்க வழி என்ன என்று பார்க்கப் புறப்பட்டார்.

புதுப்பாளையத்துக் குடிசை

அதற்கு முன்னால் ஒரு ஜெயில் வாசம் குறுக்கிட்டது. 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குள் போனார், மூன்று மாதம். வெளியே வந்த பிறகு சில வருஷங்கள் கட்சி வேலை.

1925 பிப்ரவரி 6ஆம் தேதி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிற்று. நிலம் கொடுத்தவர் ரத்தினசபாபதிக் கவுண்டர். மழை பொய்த்துப் பொய்த்து வறண்ட பூமி அது. சேலத்தில் பெரிய வீட்டில் இருந்தவர், மகன் நரசிம்மனையும் மகள் லட்சுமியையும் அழைத்துக்கொண்டு அங்கே குடிசையில் குடியேறினார்.

ஆசிரமத்தின் வேலை இப்படி நடந்தது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் நடந்து வருவார்கள். பஞ்சை நிறுத்துக் கொடுப்பார்கள். பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், வயல் வேலை இல்லாத நேரத்தில் ராட்டையில் நூற்று, நூலைத் திரும்பக் கொண்டு வருவார்கள். நூலை நிறுத்துப் பார்த்து, நயம் பார்த்து, கூலி கொடுப்பார்கள். நூல் நெசவாளர் வீட்டுக்குப் போகும். தறியிலிருந்து துணியாக வரும். வெளுத்து, சாயம் தோய்த்து விற்பனைக்குப் போகும். ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது சொற்பக் கூலிதான். பஞ்ச காலத்தில் அந்தச் சொற்பம் உலையில் அரிசியாக விழுந்தது.

ராஜாஜி உடுத்திய வேட்டி இந்த இடத்திலிருந்துதான் தன் முழு அர்த்தத்தையும் பெற்றது. அது முரட்டுத் துணி. மில் வேட்டியின் மழமழப்புக் கிடையாது. ஆனால் அதற்குப் பின்னால் எந்தக் கிராமம், எந்தத் தறி என்பது உடுத்தியவருக்குத் தெரியும். கோட்டுப் போட்ட காலத்தில் அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

கதர் அப்போது தேசபக்தர்களின் சீருடையும் ஆகியிருந்தது. கூட்டத்துக்கு மட்டும் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் அவிழ்த்து வைப்பவர்களும் இருந்தார்கள். வெள்ளைக் குல்லாய் ஒன்று இருந்தால் போதும், தியாகி ஆகிவிடலாம் என்கிற நிலைமை வரப் பல வருஷம் பிடிக்கவில்லை. ராஜாஜி என்றதும் நம் நினைவுக்கு வருவதோ குல்லாய் இல்லாத வழுக்கைத் தலை.

1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நூறு பேரளவில் தொண்டர்களை நடத்திச் சென்று உப்புக் காய்ச்சியபோதும் அதே உடை. 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனபோதும் அதே உடை. அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி, மதுவிலக்கை முதலில் சேலம் ஜில்லாவில் அமலுக்குக் கொண்டுவந்தார். ஊத்தங்கரை வட்டாரத்துக் கள்ளுக் கடைகளும் அன்றுதான் மூடின. கள்ளுக்குப் போகும் காசு அரிசிக்கும் துணிக்கும் திரும்பும் என்பது அவருடைய கணக்கு. சர்க்காருக்கு நின்றுபோன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். வியாபாரிகள் முகம் சுளித்தார்கள்.

முந்நூற்று நாற்பது அறைகள்

1947 ஆகஸ்ட் 15ஆம் தேதி ராஜாஜி மேற்கு வங்காளத்தின் கவர்னரானார். கல்கத்தா கவர்னர் மாளிகைக்குள் அன்று ஜனங்கள் வெள்ளமாகப் புகுந்தார்கள். வெள்ளைக்காரப் பிரபுக்கள் மட்டும் நடமாடிய கூடங்களில், செருப்பில்லாத கால்கள் ஏறி இறங்கின.

1948 ஜூன் 21ஆம் தேதி டில்லியில் மவுண்ட்பேட்டன் விடைபெற்றார். அரச குடும்பத்துக்காரர், கப்பற்படை அதிகாரி, மார்பு நிறையப் பதக்கங்கள் குத்திக்கொள்ளும் பழக்கம் உடையவர். உடுப்பின் மகிமையை அவரைப் போல் அறிந்தவர் அந்தக் காலத்தில் குறைவு. அவர் விட்ட நாற்காலியில் தொரப்பள்ளிக்காரர் கதர் வேட்டியோடு உட்கார்ந்தார். 340 அறைகள் கொண்ட மாளிகை அது. அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். கடைசி கவர்னர் ஜெனரலும் அவர்தான்.

பதவிக்காகப் புதிதாக ஒரு கோட்டுத் தைத்துக்கொள்ளும்படி யாரும் கேட்டிருந்தால் தவறாக இராது. வெளிநாட்டுத் தூதர்கள் வருகிற இடம். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் பொன் சரிகை போட்டுக்கொண்ட இடம். ராஜாஜி மாளிகைக்குத் தக்கபடி உடையை மாற்றவில்லை. வந்த தூதர்களின் கண்தான் இந்த உடைக்குப் பழகிற்று. 1950 ஜனவரி 26ஆம் தேதி ராஜேந்திர பிரசாத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, வந்த உடையோடே வெளியேறினார்.

வேட்டிக்கு இந்த நாட்டில் வேலை அத்தோடு முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அறுபத்து நாலு வருஷம் கழித்து, 2014 ஜூலையில், சென்னையில் ஒரு கிளப்புக்குப் போன ஐகோர்ட் நீதிபதியை வேட்டி கட்டியதற்காக உள்ளே விடவில்லை. பிறகு தமிழக அரசு அதே ஆண்டு அதற்கென்று ஒரு சட்டமே செய்யவேண்டி வந்தது. நாட்டின் முதல் மாளிகை ஏற்றுக்கொண்ட வேட்டியைக் கிளப்பின் வாசற்படி ஏற்றுக்கொள்ளவில்லை!

தறிக்காரர் வயிறு

1952 ஏப்ரலில் ராஜாஜி சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர் ஆனார். வயது 73. அந்த வருஷம் கைத்தறி நெசவாளர்களுக்குப் போதாத காலம். நூல் விலை ஏறிக் கிடந்தது. நெய்த துணி விற்கவில்லை. மூட்டை மூட்டையாகச் சரக்குத் தேங்கிற்று. தறிகள் நின்றன. நெசவாளர் குடும்பங்கள் கஞ்சித் தொட்டியை நம்பி நின்றன. எதிர்க்கட்சிக்காரர்களான திராவிட முன்னேற்றக் கழகத்தார்கூடக் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

ராஜாஜி மத்திய சர்க்காரிடம் ஒரு கோரிக்கை வைத்தார். வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்கிவிடுங்கள். மில்கள் வேறு துணி நெய்யட்டும் என்பதுதான் அது. மில் முதலாளிகள் சும்மா இருப்பார்களா? டில்லியும் முழுக்க இணங்கவில்லை. பாதி வழி வந்தது. 1952 முடிவில், மில்கள் நெய்யும் வேட்டிக்கு வரம்பு கட்டிற்று. முந்திய வருஷச் சராசரியில் 60 சதவிகிதம் வரைதான் நெய்யலாம் என்றது. 1953இல் மில் துணிமேல் ஒரு சிறு வரி போட்டுக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட ஏற்பாடாயிற்று. ராஜாஜி கேட்ட ஒதுக்கீட்டுக்கு முழுச் சட்டம் 1985இல்தான் வந்தது. முதலில் 22 வகைத் துணிகளாக இருந்தது, பின்பு 11 ஆகக் குறைந்தது.

அதே ராஜாஜி, 1953இல் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிப்பது. மீதி நேரம் தகப்பனாரின் தொழிலைக் கற்பது. நாடு கொந்தளித்தது. குலக்கல்வி என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேர் நிலைத்துவிட்டது. நெசவாளி மகன் தறியில்தான் உட்கார வேண்டுமா, வண்ணான் மகன் துறையில்தான் நிற்க வேண்டுமா என்று பெரியாரும் மற்றவர்களும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு ராஜாஜியிடம் ஜனங்கள் ஏற்கும்படியான பதில் இல்லை. புதுப்பாளையத்தில் தறியின் மேன்மையைக் கண்டவர் அவர். தறியோடு ஒருவன் காலில் கட்டியிருந்த சங்கிலியை அவர் கண்டது போதாது. தாம் மனமுவந்து உடுத்திய உடையை மற்றவன் வேறு வழியில்லாமல் உடுத்துகிறான் என்கிற வித்தியாசம், கதர் கட்டிய பலருக்குப் போல அவருக்கும் பிடிபடவில்லை. 1954இல் பதவியை விட்டார். காமராஜர் வந்தார், திட்டம் போயிற்று.

கறுப்புக் கண்ணாடியும் கறுப்புச் சட்டையும்

கறுப்புக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. கார்ட்டூன் போடுகிறவர்களுக்கு அதுபோல் ஒரு வரப்பிரசாதம் கிடையாது. இரண்டு கறுப்பு வட்டம், ஒரு கூரிய மோவாய், ராஜாஜி தயார். ஆனால் கண்ணை மறைத்த காரணத்தால், அவருடைய உள்ளத்தை அறிய முடியாது என்று எதிரிகள் பேசவும் அதுவே உதவிற்று. பேர் சொல்லும் உடைக்கு இந்தத் தொல்லையும் உண்டு. அடையாளம் காட்டுவதுதான் பழியையும் சுமக்க வேண்டும்.

1954இல் பாரத ரத்னா விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்ற மூவரில் அவர் ஒருவர். 1959இல், எண்பது வயதில், நேருவின் கொள்கையை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி கண்டார். கதரைச் சொந்தம் கொண்டாடிய காங்கிரஸை அதே கதரைக் கட்டிக்கொண்டே எதிர்த்தார். 1962இல், 83 வயதில், முதல் முறையாக மேல் நாட்டுப் பயணம் போனார். வாஷிங்டனில் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி வாதாடினார். சேலம் கோர்ட்டில் பேர் வாங்கிய வக்கீலின் கடைசிப் பெரிய வழக்கு என்று அதைச் சொல்லலாம்.

அவருக்கு நேர் எதிரான உடை ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. பெரியாரின் கறுப்புச் சட்டைதான் அது. இருபதுகளில் பெரியாரும் காங்கிரஸில் இருந்தார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார். பிறகு பாதை பிரிந்தது. ஒருவர் வெள்ளையிலேயே நின்றார். மற்றவர் கறுப்புக்குப் போனார். மேடையில் இருவரும் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஆனால் 1949 மே மாதம், கவர்னர் ஜெனரல் ராஜாஜி திருவண்ணாமலைக்கு வந்தபோது, பெரியார் அங்கே போய் ரயில் பெட்டியில் அவரைத் தனியே சந்தித்துப் பேசினார். சொந்த விஷயத்துக்கு யோசனை கேட்கப் பெரியாருக்கு வேறு ஆள் தோன்றவில்லை.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் தேதி ராஜாஜி சென்னையில் காலமானார். வயது 94. சுடுகாட்டுக்குச் சக்கர நாற்காலியில் ஒரு கிழவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு வயது 93. தாடி நெஞ்சில் படிந்திருந்தது. சிதைக்கு எதிரே அந்தக் கறுப்புச் சட்டைக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுததைக் கூடியிருந்தவர்கள் பார்த்தார்கள்.